வெட்டி எடுப்பதற்கென்றே வைத்த நடனம்

1940களின் ஹாலிவுட் இசைப்படங்களில் கறுப்பினக் கலைஞர்கள் வரும் காட்சிகளுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. கதை ஓடிக்கொண்டிருக்கும். நாயகனும் நாயகியும் இரவு விடுதிக்குப் போவார்கள், அல்லது ஒத்திகை நடக்கும் அரங்குக்கு வருவார்கள். மேடையில் ஒரு நடனம் தொடங்கி மூன்று நான்கு நிமிடத்தில் முடியும். கதை விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நடனத்தை ஆடியவர்கள் அதற்கு முன் படத்தில் தென்பட்டிருக்க மாட்டார்கள், பின்னும் தென்பட மாட்டார்கள். நாயகனோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் தென் மாநிலத் திரையரங்குகள் வேண்டுமென்றால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டலாம், கதையில் தையல்கூடத் தெரியாது. அதற்குத் தோதாகவே ஸ்டுடியோக்கள் இந்தக் காட்சிகளை எழுதிப் படம்பிடித்தன.

இந்த அமைப்புக்குள் ஆடியவர்களில் தலைசிறந்தவர்கள் ஃபேயார்ட் நிக்கோலஸ், ஹெரால்ட் நிக்கோலஸ் என்ற அண்ணனும் தம்பியும். ‘நிக்கோலஸ் பிரதர்ஸ்’ என்ற பெயரில் 1930களின் தொடக்கத்திலிருந்து ஆடிவந்த இவர்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் அடிபடுவதுண்டு. நிறவெறி மட்டும் இல்லையென்றால் இவர்கள் ஃப்ரெட் அஸ்டேரைப் போல, ஜீன் கெல்லியைப் போல நாயகர்கள் ஆகியிருப்பார்கள் என்பது ஒன்று. இவர்களுடைய ஆட்டம் அடிப்படையில் சாகசம், பாய்ச்சலும் பல்டியுமாகச் சில நிமிடம் வியக்கவைக்கும், முழுப் படத்தைத் தாங்காது என்பது மற்றொன்று. முதல் பேச்சை மறுப்பவர் குறைவு. இரண்டாவதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் இவர்களை எப்போதும் ‘ஃப்ளாஷ் ஆக்ட்’ என்ற வகைக்குள், அதாவது பார்வையாளரை மலைக்கவைக்கும் உடல் வித்தை சேர்ந்த ஆட்டங்களின் வரிசையில், நிறுத்திவிட்டு நகர்வதில் அந்த எண்ணம் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணம் தவறு என்பதும், முதல் பேச்சு சொல்லும் அநீதியிலிருந்துதான் அது பிறந்தது என்பதும் என் வாதம். கதையும் பாத்திரமும் தராமல் மூன்று நிமிடம் மட்டும் கொடுத்தால் எந்தக் கலைஞனும் தன் உச்சத்தைத்தான் அதற்குள் கொண்டுவந்து வைப்பான். உச்சத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதைத் தாங்கி நிற்கும் நடனம் படுவதில்லை.

ஃபேயார்ட் 1914 அக்டோபரில் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்தார். ஹெரால்ட் 1921 மார்ச்சில் வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலத்தில் பிறந்தார். தாய் வயோலா பியானோ வாசிப்பவர், தந்தை யுலிசிஸ் டிரம்ஸ் வாசிப்பவர். கறுப்பின மக்களுக்கான பல்சுவை அரங்குகளில் இசைக்குழு நடத்திய அந்தத் தம்பதியர் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து ஸ்டாண்டர்ட் தியேட்டரில் வாசித்தபோது, சிறுவன் ஃபேயார்டுக்கு அந்த அரங்கமே பள்ளிக்கூடம் ஆனது. அக்காலத்தின் பெரிய கறுப்பின நடனக்காரர்களும் நகைச்சுவைக்காரர்களும் அந்த மேடைக்கு வந்துபோனார்கள். பார்த்ததை வீட்டுக்கு வந்து செய்துபார்ப்பார். முறையாக எந்த ஆசிரியரிடமும் பயிலவில்லை. தாம் கற்றதைத் தங்கை டோரதிக்கும் தம்பி ஹெரால்டுக்கும் சொல்லிக்கொடுத்தார். முதலில் மூவராக ஆடினார்கள். டோரதி விலகியபின் அண்ணனும் தம்பியும் எஞ்சினார்கள்.

தந்தை சொன்ன இரண்டு அறிவுரைகளை ஃபேயார்ட் முதுமையிலும் நினைவுகூர்ந்தார். மற்றவர்கள் ஆடுவதை அப்படியே ஆடாதே. ஆடும்போது உன் கால்களைப் பார்க்காதே, எதிரே இருப்பவர்களுக்காக ஆடு. இரண்டாவது அறிவுரை சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் காலடியால் தாளமெழுப்பும் டேப் நடனக்காரர்களில் பலர் ஓசையில் கவனம் வைத்துத் தலை குனிந்து, கைகளைத் தொங்கவிட்டு ஆடியவர்கள். காலில்தான் கலை, மற்றதெல்லாம் சும்மா என்பது அந்த மரபின் ஒரு பிரிவினருடைய நம்பிக்கை. நிக்கோலஸ் சகோதரர்கள் நிமிர்ந்து ஆடினார்கள். ஃபேயார்டின் கைகள் நீளமானவை. அவை காற்றில் வளைந்து, விரிந்து, இசைக்குழுவையே அவர் நடத்துவது போல அசையும். அவருடைய நடனத்தைப் பற்றிய எந்த மதிப்பீடும் அந்தக் கைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். பல்டி அடிக்கும் ஒருவருக்கு அப்படிப்பட்ட கைகள் தேவையே இல்லை.

டேப் நடனத்தின் பின்னணியை இங்கே சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததை அடுத்து, மறு ஆண்டே அவர்கள் முரசு வைத்திருப்பதைச் சட்டம் தடுத்தது. முரசு போன இடத்தில் கைதட்டலும் காலடியும் தாளத்தைச் சுமந்தன. பின்னர் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் போன்ற ஏழைக் குடியிருப்புகளில் கறுப்பினத்தவரின் காலாட்டமும் ஐரிஷ் குடியேறிகளின் ஜிக் ஆட்டமும் கலந்தன. 1842இல் அங்கே சென்ற சார்ல்ஸ் டிக்கன்ஸ் தாம் கண்ட இளம் கறுப்பின நடனக்காரரைப் பற்றி வியந்து எழுதினார். அவர் ‘மாஸ்டர் ஜூபா’ என்று அறியப்பட்ட வில்லியம் ஹென்றி லேன் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ஆக, டேப் என்பது பிறப்பிலேயே ஓசைக்கலை. காலணியின் முனையிலும் குதிகாலிலும் உலோகத் தகடு வந்தது பிற்பாடுதான்.

1932இல் சகோதரர்கள் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் சேர்ந்தார்கள். ஹெரால்டுக்கு அப்போது பதினொரு வயது. கேப் கேலோவே, டியூக் எல்லிங்டன் ஆகியோரின் இசைக்குழுக்கள் அங்கே வாசித்தன. மேடையில் இருப்பவர்கள் கறுப்பினத்தவர், மேசைகளில் அமர்ந்து குடிப்பவர்கள் வெள்ளையர் என்பது கிளப்பின் விதி. கலைஞர்கள் விருந்தினரோடு கலந்து பழகக் கூடாது. சிறுவர்கள் என்பதால் இவர்களுக்கு மட்டும் விலக்கு. ஆட்டம் முடிந்ததும் பிரபலங்கள் தங்கள் மேசைக்கு அழைத்து உட்காரவைத்துப் பேசுவார்கள். அந்த வாசல் குழந்தைமைக்குத்தான் திறந்தது, திறமைக்கு அல்ல. வயது ஏறியதும் அது சாத்தப்பட்டது.

காட்டன் கிளப்பில் இவர்களைப் பார்த்த தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் 1934இல் ‘கிட் மில்லியன்ஸ்’ படத்துக்கு அழைத்துக்கொண்டார். அதில் ஹெரால்ட் பாடும் பாடலின் பொருள், தாம் ஒரு ‘மின்ஸ்ட்ரல்’ கலைஞன் ஆக வேண்டும் என்பது. மின்ஸ்ட்ரல் என்பது வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்து ஆடிய 19ஆம் நூற்றாண்டு மேடை வடிவம். அதே காட்சியில் நாயகன் எடி கேன்டர் முகத்தில் கரியோடு தோன்றுகிறார். கறுப்பினச் சிறுவன் ஒருவன், தன் இனத்தைப் பழித்த வடிவத்துக்குள் நுழைய ஆசைப்படுவதாகப் பாடி, அந்த வேடமிட்ட வெள்ளை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஆடுகிறான். பதிமூன்று வயதுப் பையனின் குரலும் காலும் அவ்வளவு சுத்தமாக இருப்பதால் இந்தக் காட்சி கூடுதலாக வலிக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து ஃப்ரெட் அஸ்டேரும் ‘ஸ்விங் டைம்’ படத்தில் மூத்த கறுப்பின டேப் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிக் கரி பூசிக்கொண்டு ஆடினார். அஸ்டேர் மீது எனக்குள்ள மதிப்பு பெரியது, ஆனால் அந்தக் காட்சியை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை.

பிராட்வே கொஞ்சம் கூடுதலாக இடம் கொடுத்தது. 1936இல் ‘ஸீக்ஃபெல்ட் ஃபாலிஸ்’, 1937இல் ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’. இரண்டாவதற்கு நடனம் அமைத்தவர் ஜார்ஜ் பாலஞ்சீன். ரஷ்யாவில் பாலே பயின்று வந்து பின்னாளில் நியூயார்க் சிட்டி பாலேயை நிறுவியவர். வரிசையாக நிற்கும் நடனப் பெண்களைத் தாண்டி ஃபேயார்ட் பாய்வதும், அவர்களின் கால்களுக்கு இடையே ஹெரால்ட் வழுக்கிக்கொண்டு போவதும் அவர் கற்பனை. பயிலாமலே இவர்களிடம் பாலேயின் நேர்கோடுகள் இருப்பதை அவர் கண்டார். ஃபேயார்டே தங்கள் பாணியை ‘செவ்வியல் டேப்’ என்று அழைத்தார். ‘ஃப்ளாஷ் ஆக்ட்’ என்ற முத்திரையை அவர் ஏற்கவில்லை. ஒரு கலைஞர் தன் கலைக்குத் தானே வைத்த பெயரை விட்டுவிட்டு வேறு பெயரால் அழைப்பதற்கு வரலாற்றாசிரியர்களுக்கு நல்ல காரணம் வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை.

ஹாலிவுட்டில் இவர்களின் பொற்காலம் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் ஸ்டுடியோவில் கழிந்தது. 1940இல் ‘டவுன் அர்ஜென்டைன் வே’ படத்தில் ஹெரால்ட் தலைப்புப் பாடலை ஸ்பானிய மொழியில் பாட, இருவரும் ஆடிய ஆட்டத்துக்குத் திரையரங்குகளில் எழுந்த கைதட்டல் பெரும் செய்தியானது. ஸ்டுடியோ ஒப்பந்தம் நீண்டது. அங்கேதான் நடன இயக்குநர் நிக் காசில் அவர்களுக்கு வாய்த்தார். மனிதனால் முடியாது என்று தோன்றும் ஒன்றைக் கற்பனை செய்வது அவர் வழக்கம், அதைச் செய்து முடிப்பது இவர்கள் வழக்கம். 1942இன் ‘ஆர்க்கெஸ்ட்ரா வைவ்ஸ்’ படத்தில் ஹெரால்ட் சுவரை நோக்கி ஓடி, சுவரிலேயே இரண்டடி ஏறி, பின்புறமாகச் சுழன்று, கால்களை முன்னும் பின்னுமாக முழுக்க விரித்துத் தரையில் இறங்குகிறார். ‘ஸ்பிளிட்’ எனப்படும் அந்த நிலையிலிருந்து கையை ஊன்றாமல், தொடைகளின் பலத்தால் மட்டும் இரு கால்களையும் இழுத்துச் சேர்த்து எழுந்துவிடுகிறார்.

1941இல் வந்த ‘சன் வேலி செரனேட்’ படத்தின் ‘சட்டனூகா சூ சூ’ பாடல் காட்சியைப் பார்த்தால் ஸ்டுடியோவின் கத்தரிக்கோல் எங்கே வைக்கப்பட்டது என்பதைக் கண்ணாலேயே காணலாம். முதற்பாதியில் க்ளென் மில்லரின் வெள்ளையர் இசைக்குழு வாசிக்கிறது, அவரது பாடகர்கள் பாடுகிறார்கள். அந்தப் பகுதி முழுமையாக முடிகிறது. பிறகு ரயில் பெட்டியின் பின்புறம் போல அமைத்த தனி அரங்கில் நடிகை டோரதி டான்ட்ரிட்ஜ் வருகிறார், நிக்கோலஸ் சகோதரர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். பாடல் ஒன்றுதான், இசைக்குழு ஒன்றுதான், ஆனால் ஆடுபவர்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் நடுவே ஒரு கோடு. அந்த இணைப்பிலிருந்து பின்பாதியைக் கழற்றினாலும் பாடல் முழுமையாகவே இருக்கும். மறு ஆண்டு ஹெரால்டும் டான்ட்ரிட்ஜும் மணந்துகொண்டார்கள், 1951இல் பிரிந்தார்கள். டான்ட்ரிட்ஜ் பின்னர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

வெட்டியவர்கள் யார் என்ற கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லலாம். டென்னசியின் மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழுவுக்கு 1928 முதல் 1955 வரை தலைவராக இருந்த லாய்ட் பின்ஃபோர்ட். வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒரே வகுப்பறையில் இருக்கிறார்கள் என்பதற்காக 1947இல் ஒரு நகைச்சுவைப் படத்தையே தடுத்தவர் அவர். கறுப்பினப் பாடகி லீனா ஹார்ன் பாடும் காட்சிகள் அவர் கையில் அடிக்கடி காணாமல் போயின. ஆனால் பின்ஃபோர்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு ஸ்டுடியோக்களை விட்டுவிடுவது நியாயமில்லை. ஒரு நகரத்தின் முரட்டுத்தனத்துக்குப் பணிந்து நாடு முழுவதற்குமான படத்தின் வடிவத்தையே மாற்றியவர்கள் கலிஃபோர்னியாவில் இருந்தார்கள்.

இதற்குச் சான்று 1943இல் வந்த ‘ஸ்டார்மி வெதர்’. கலைஞர்கள் அனைவரும் கறுப்பினத்தவர். போர்க்காலம், கறுப்பின மக்களைத் திரையில் கண்ணியமாகக் காட்ட வேண்டும் என்று அவர்களின் உரிமைச் சங்கம் ஸ்டுடியோ முதலாளிகளை நெருக்கியது, அரசும் ஒற்றுமையை விரும்பியது. அந்தச் சூழலில் ஒரே ஆண்டில் இரண்டு ஸ்டுடியோக்கள் இப்படிப்பட்ட படங்களை எடுத்தன. இங்கே வெட்டுவதற்குத் தோதாகக் காட்சியைத் தனியே வைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் படம் முழுவதும் அவர்களுடையது. அப்படியிருந்தும் நிக்கோலஸ் சகோதரர்கள் படத்தின் கடைசியில், கதையில் எந்த வேலையும் இல்லாமல், தங்கள் சொந்தப் பெயரில் வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள். நாயகன் அறுபதுகளின் நடுவில் இருந்த பில் ராபின்சன். நாயகி இருபதுகளில் இருந்த லீனா ஹார்ன். ராபின்சன் மாபெரும் கலைஞர், படமும் அவர் வாழ்க்கையைத் தழுவியது. ஆனாலும் காதலர்களாக அவர்களைப் பார்க்கும்போது திரையில் ஒரு சங்கடம் தேங்குகிறது. இருபத்திரண்டு வயது ஹெரால்ட், நன்றாகப் பாடக்கூடியவர், முகத்தில் வசீகரம் உள்ளவர், அதே படப்பிடிப்புத் தளத்தில் இருந்தார். அவரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பழக்கம் தேவையைவிட நீண்ட ஆயுள் கொண்டதாகிவிட்டது.

அந்தப் படத்தின் ‘ஜம்பிங் ஜைவ்’ காட்சியை நிதானமாகப் பார்க்க வேண்டும். கேப் கேலோவே பாடி முடிக்கிறார். மேசையில் அமர்ந்திருந்த சகோதரர்கள் வெள்ளைக் கழுத்துப்பட்டியும் நீள வால் கோட்டுமாக எழுந்து வருகிறார்கள். முதலில் தரையில், பெரிய சாகசம் எதுவும் இல்லாமல், அடுத்தடுத்து அடியெடுத்து வைத்து இசையோடு பேச்சைத் தொடங்குகிறார்கள். பிறகு வாத்தியக்காரர்களுக்கு நடுவே உள்ள மேடைத்துண்டுகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறார்கள். ஒவ்வொரு தாவலும் தாளத்தின் ஓரிடத்தில் விழுகிறது. பியானோவின் மேல் ஏறுகிறார்கள். பியானோ ஒரு வரி சொல்ல, கால்கள் பதில் சொல்கின்றன. அங்கிருந்து இருவரும் ஒன்றாகக் குதித்துத் தரையில் ஸ்பிளிட் இறங்கி, அந்த வேகத்திலேயே எழுகிறார்கள். கடைசியாகப் பெரிய படிக்கட்டு. ஒருவர் நிற்க, மற்றவர் அவர் தலைக்கு மேலாகத் தாண்டி அடுத்த படியில் ஸ்பிளிட் இறங்குகிறார். பின்னால் இருப்பவர் எழுந்து இவரைத் தாண்டி அதற்கடுத்த படியில் இறங்குகிறார். இப்படியே கீழ்ப்படி வரை. மறுபடி மேலே ஏறி, சரிவான தளத்தில் வழுக்கிக்கொண்டு வந்து, எழுந்து வணங்குகிறார்கள்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். முதலாவது, எழும் விதம். ஸ்பிளிட் இறங்குவது சர்க்கஸிலும் உண்டு, ஆனால் அங்கே இறங்கியதும் ஒரு நிறுத்தம் இருக்கும், கைதட்டலுக்காக. இவர்கள் இறங்கும் ஒலி ஒரு அடி என்றால் எழும் அசைவு அடுத்த அடி. தாளம் அறுபடுவதே இல்லை. இரண்டாவது, இருவரும் ஒரே மாதிரி ஆடவில்லை. ஃபேயார்டின் உடல் பாடலின் மேல் மிதக்கிறது, கைகள் எப்போதும் விரிந்திருக்கின்றன. ஹெரால்ட் குள்ளமானவர், இறுக்கமானவர், காலடி ஒவ்வொன்றும் தெறித்து விழும். ஒரே அடவை இருவரும் செய்யும்போதுகூட இரண்டு குணங்கள் தெரிகின்றன. பாத்திரமே தராத ஸ்டுடியோவின் படத்தில் இவர்கள் தங்கள் உடலால் இரண்டு பாத்திரங்களைப் படைத்துவிட்டார்கள். மூன்றாவது, கேமரா. அஸ்டேர் தன் ஒப்பந்த பலத்தால் கேட்டுப் பெற்ற மரியாதை, அதாவது தலை முதல் கால் வரை முழு உருவமும் பிரேமுக்குள் இருப்பதும் வெட்டுகள் குறைவாக இருப்பதும், இங்கே இவர்களுக்குத் தானாகவே கிடைத்தது. பிரேமில் அரையுடலைக் காட்டினால் அவர்கள் செய்வதைப் பார்வையாளர் நம்பமாட்டார்கள்.

ஒத்திகையே வேண்டாம், நேராக ஆடிவிடுங்கள் என்று நிக் காசில் சொன்னதாகவும் ஒரே டேக்கில் அது முடிந்ததாகவும் ஃபேயார்ட் பேட்டிகளில் சொல்வார். தாம் பார்த்த இசைப்படக் காட்சிகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது என்று அஸ்டேர் சொன்னதாகவும் பதிவு உண்டு. ஒரே டேக் என்ற இந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும். இது நல்லதைவிடக் கெடுதலையே அதிகம் செய்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கறுப்பினக் கலைஞர்களின் கலையைப் பற்றி வெள்ளை அமெரிக்கா வெகுகாலம் சொல்லிவந்த பொய் ஒன்று உண்டு: அது அவர்களுக்கு இயல்பாக வருவது, உழைத்துப் பெற்றதல்ல என்பது. அஸ்டேர் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தார் என்றால் அது கலைஞனின் அர்ப்பணிப்பு. இவர்கள் ஒத்திகையின்றி ஆடினார்கள் என்றால் அது பிறவிக்கொடை. உண்மையில் அந்தப் படிக்கட்டுக்குப் பின்னால் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட மேடை இருக்கிறது. கிளப்பிலும் அரங்கிலும் இரவுதோறும் ஆடி, வாத்தியக்காரர்களின் பிள்ளைகளாக வீட்டிலேயே தாளம் கேட்டு வளர்ந்த வாழ்க்கை இருக்கிறது. ஒத்திகை அன்று காலையில் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு முழுப் படைப்பைத் தாங்க இவர்களால் முடிந்திருக்குமா என்ற சந்தேகத்துக்கும் பிராட்வேயில் பதில் கிடைத்திருக்கிறது. 1946இல் ஹெரால்ட் ஆர்லென் இசையில் வந்த ‘செயின்ட் லூயிஸ் உமன்’ நாடகத்தில் ‘லிட்டில் ஆகி’ என்ற குதிரைப் பந்தய வீரனாக, கதாநாயகனாக நடித்தவர் ஹெரால்ட் நிக்கோலஸ். ராணுவத்திலிருந்து திரும்பியிருந்த ஃபேயார்டுக்கும் அதில் பாத்திரம் இருந்தது. நாடகம் நூற்றுச் சொச்சம் காட்சிகளோடு நின்றுவிட்டது, ஆனால் ஹெரால்ட் பாடி, நடித்து, காதலித்து, நாயகனாக மேடையில் நின்றார். ஃபேயார்டும் பல ஆண்டு கழித்து, 1970இல், வில்லியம் வைலரின் ‘தி லிபரேஷன் ஆஃப் எல்.பி. ஜோன்ஸ்’ படத்தில் ஆட்டம் ஏதுமின்றி நடித்தார்.

1948இல் எம்ஜிஎம் எடுத்த ‘தி பைரேட்’ படத்தில் ஜீன் கெல்லி அவர்களைத் தம்மோடு ஆட அழைத்தார். ‘பி எ க்ளௌன்’ பாடலுக்கு மூவரும் கோமாளி வேடத்தில், தோளோடு தோள் நின்று, ஒரே அடவுகளை ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். வெள்ளை நட்சத்திரம் ஒருவர் வயதுவந்த இரண்டு கறுப்பின ஆண்களோடு சமமாக ஆடுவது அந்நாளில் அரிது. கெல்லி பிடிவாதமாக நின்று செய்த காரியம் அது, பாராட்ட வேண்டியதுதான். இந்தக் காட்சி தென் மாநில நகரங்கள் சிலவற்றில் வெட்டப்பட்டது. ஆனால் நடனமாக மட்டும் பார்த்தால் எனக்கு இதில் நிறைவில்லை. அடவுகள் கெல்லியின் உடலுக்கு ஏற்றவை. உருண்டு, குதித்து, முரட்டு விளையாட்டாக நகர்பவை. ஃபேயார்டின் கைகளுக்கு இதில் வேலை இல்லை. சமத்துவம் கிடைத்தது, ஆனால் கெல்லியின் பாணிக்குள். சகோதரர்கள் இருவரும் சேர்ந்து ஆடிய கடைசி ஹாலிவுட் இசைப்படமும் இதுவே ஆயிற்று.

அதன்பின் வந்த இறக்கத்துக்கு நிறவெறி மட்டும் காரணமல்ல. 1944இல் அமெரிக்க அரசு ஆட்டமும் பாட்டும் நடக்கும் விடுதிகளின் மீது முதலில் 30 சதவீதம், சில மாதங்களில் 20 சதவீதம் என்று வரி விதித்தது. வாத்திய இசை மட்டும் வைத்தால் வரி இல்லை. விடுதிக்காரர்கள் நடனக்காரர்களை நிறுத்திவிட்டுச் சிறு இசைக்குழுக்களை வைத்துக்கொண்டார்கள். பெரிய இசைக்குழுக்கள் போரோடு கலைந்தன. பெபாப் ஜாஸ் உட்கார்ந்து கேட்பதற்கான இசையாக மாறியது. பிராட்வேயில் 1943இன் ‘ஓக்லஹோமா!’வுக்குப் பிறகு பாலே சார்ந்த நடனம் கதையைச் சொல்லத் தொடங்கியது. டேப் பழைய சங்கதி என்று ஒதுக்கப்பட்டது. இந்த அலையில் வெள்ளையரான டேப் கலைஞர்களும் அடிபட்டார்கள். ஆனால் அஸ்டேருக்கும் கெல்லிக்கும் நடிப்புப் பாத்திரங்களும், கெல்லிக்கு இயக்குநர் நாற்காலியும் ஒதுங்கக் கிடைத்த இடங்களாக இருந்தன. நிக்கோலஸ் சகோதரர்களுக்கு ஹாலிவுட்டில் மேடையைத் தவிர வேறு இடமே உருவாக்கப்படவில்லை. மேடை போனதும் எல்லாம் போயிற்று.

ஐரோப்பா, லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று சுற்றினார்கள். மெக்சிகோவிலும் மேற்கு ஜெர்மனியிலும் படங்களில் ஆடினார்கள். 1950களின் பிற்பகுதியில் ஃபேயார்ட் நாடு திரும்ப, ஹெரால்ட் பாரிஸில் தங்கிப் பாடகராகவும் தனி நடனக்காரராகவும் சில ஆண்டு வாழ்ந்தார். 1960களின் நடுவில் தொலைக்காட்சி இருவரையும் மறுபடி சேர்த்தது. 1970களில் டேப் மீண்டும் துளிர்த்தபோது இளையவர்கள் இவர்களைத் தேடி வந்தார்கள். 1989இல் ‘பிளாக் அண்ட் ப்ளூ’ பிராட்வே நிகழ்ச்சியின் நடன அமைப்புக்காக ஃபேயார்ட் மேலும் மூவரோடு டோனி விருதைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு கிரிகரி ஹைன்ஸ் நடித்த ‘டேப்’ படத்தில் ஹெரால்ட் தோன்றினார். 1990இல் ஜேனட் ஜாக்சனின் இசைக் காணொளி ஒன்றில், பழைய நண்பர் கேப் கேலோவேயும் இடம்பெற்ற அதே படைப்பில், இருவரும் வந்தார்கள். 1991இல் கென்னடி சென்டர் விருது. ஹார்வர்டிலும் ராட்கிளிஃபிலும் மாணவர்களுக்கு டேப் கற்பித்தார்கள். வாழ்நாள் முழுவதும் ஸ்பிளிட் இறங்கிய உடல் அதற்கு விலை கொடுத்தது. ஃபேயார்டுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பின்னும் விழாக்களில் அவர் ஆடுவார், பெரும்பாலும் கைகளால். ஹெரால்ட் 2000 ஜூலையில் நியூயார்க்கில் மறைந்தார். ஃபேயார்ட் 2006 ஜனவரியில் மறைந்தார்.

ஸ்டுடியோக்கள் எடுத்தவற்றைத் தவிர இன்னொரு திரைப்பதிவும் இருக்கிறது. குடும்பம் சொந்தமாகச் சிறிய கேமரா ஒன்றை வாங்கி 1930களிலும் 40களிலும் தங்கள் வாழ்க்கையைப் படம்பிடித்துவந்தது. அன்றைய பொருளாதார மந்தத்தில் மிகச் சில கறுப்பினக் குடும்பங்களுக்கே அது கைகூடிய காரியம். ஹார்லெமின் தெருக்கள், காட்டன் கிளப்பின் உட்புறம், போர்க்காலக் கறுப்பினப் படைப்பிரிவு, ஹாலிவுட்டின் ஸ்டுடியோ வளாகங்கள் அவற்றில் இருக்கின்றன. ‘பேப்ஸ் இன் ஆர்ம்ஸ்’ மேடையேறியதற்கான அசையும் பதிவும் இந்தச் சுருள்களில்தான் எஞ்சியிருக்கிறது. 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இவற்றை தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே ‘ஸ்டார்மி வெதர்’ அங்கே இடம்பெற்றிருந்தது. நிக்கோலஸ் சகோதரர்களைப் பற்றி எழுத நினைக்கும் எவரும் ஃபாக்ஸ் படங்களின் நடனத் துண்டுகளோடு நின்றுவிடாமல் இந்தச் சுருள்களையும் பார்க்க வேண்டும். ஸ்டுடியோ காட்ட மறுத்த மற்ற மணிநேரங்களில் அவர்கள் எப்படி நடந்தார்கள், சிரித்தார்கள், யாரோடு நின்றார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது, அவர்களே எடுத்தபடி.